உங்களுக்குத் தெரியுமா? பீரோவைப் பார்த்துவிட்டு ஸ்கேனர் வாங்குங்கள்

காஞ்சிபுரத்து வீடுகளில் பழைய படங்கள் பெரும்பாலும் பட்டுப்புடவைகளோடு ஒரே பீரோவில்தான் இருக்கும். கல்யாண ஆல்பம், 1979-இல் அத்திவரதரைச் சேவிக்கப் போனபோது எடுத்த குடும்பப் படம், நெசவாளர் சங்கத்துப் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், மஞ்சள் தடவிய ஜாதகம் எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றைக் கணினியில் ஏற்ற மேஜைமேல் வைக்கிற சின்ன ஸ்கேனர் போதும். எது வாங்கலாம் என்பதைப் பெட்டியில் அச்சிட்ட எண்களை வைத்து முடிவு செய்யாமல், பீரோவில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதல் ஸ்கேன் ஒரு கைக்குழந்தை

கணினிக்குள் போன முதல் புகைப்படம் ஒரு மூன்று மாதக் குழந்தையின் முகம். 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர அளவை நிறுவனத்தில் பணியாற்றிய ரஸல் கிர்ஷ், தன் மகன் வால்டனின் படத்தை உருளையில் சுற்றி ஸ்கேன் செய்தார். 176-க்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்று ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தாலே 35 லட்சம் புள்ளிகள் கிடைத்துவிடும்.

பார்வையற்றோருக்காக வந்தது

தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்துவைக்கும், சிசிடி என்ற உணரி வைத்த ஸ்கேனரை ரே குர்ஸ்வைல் குழுவினர் உருவாக்கியது புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் இயந்திரத்துக்காக. அது வெளிவந்தது 1976-இல். பாடகர் ஸ்டீவி வொண்டர் அதை முதலில் வாங்கியவர்களில் ஒருவர்.

மெலிந்த ஸ்கேனரா, தடித்த ஸ்கேனரா?

விலை, வேகம் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் மெலிந்த ஸ்கேனர்களில், உதாரணமாக கேனான் லைடு 300, 400, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39 ஆகியவற்றில், இருப்பது சிஐஎஸ் வகை உணரி. அது கண்ணாடிக்கு அடியிலேயே ஒட்டினாற்போல ஓடும். எடை 2 கிலோவுக்கும் குறைவு. தனி மின்கம்பி வேண்டாம்; லேப்டாப்பின் யூஎஸ்பி ஒயரே மின்சாரமும் கொடுத்துவிடும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

ஆனால் படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். சில மில்லிமீட்டர் விலகினாலும் மங்கிவிடும். தட்டையான புகைப்படம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் என்றால் கவலையே இல்லை. கெட்டி அட்டையில் ஒட்டி, நாளடைவில் வில்லாய் வளைந்துபோன பழைய ஸ்டுடியோப் படம் என்றால் கதை வேறு. நடுப்பகுதி தெளிவாக வரும், ஓரத்தில் நிற்கும் சித்தப்பா மங்கலாக வருவார்.

சிசிடி வகையில் கண்ணாடிக்குக் கீழே விளக்கும் முகம்பார்க்கும் கண்ணாடிகளும் லென்ஸும் உண்டு. அதனால் பெட்டி தடிமன். எப்சன் வி600 சுமார் 4 கிலோ. சற்று மேடுபள்ளமாக இருப்பதையும் அது தெளிவாகப் பிடிக்கும். நம் ஊர் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா படங்கள் பல, ஈரக்காற்றில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அவற்றைப் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குச் சிசிடி ஸ்கேனரே சரி. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றிரண்டுதான் என்றால், மெலிந்த ஸ்கேனரே வாங்கிக்கொண்டு, அந்த ஒன்றிரண்டை மட்டும் நல்ல ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளலாம்.

19,200 டிபிஐ என்றால்?

பெட்டியில் அப்படிப் போட்டிருந்தால் அது மென்பொருள் இட்டுநிரப்பும் கணக்கு. 'ஆப்டிகல்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். லைடு 300-க்கு 2400. லைடு 400-க்கும் வி39-க்கும் 4800. அச்சிட்ட படத்துக்கு அந்த 2400 கூடத் தேவைப்படாது. 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ வைத்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் வரும். அதை இரண்டு மடங்கு அகல உயரத்தில் தாராளமாக அச்சிடலாம். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மட்டும் 1200. காகிதங்களுக்கு 300 போதும்.

ஜரிகை ஏன் கறுக்கிறது?

பட்டுப்புடவையின் முந்தானையை ஸ்கேனரில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தகதகவென்ற ஜரிகை, கணினித் திரையில் மங்கிய பழுப்பாகக் கிடக்கும். ஜரிகையில் குறையில்லை. ஸ்கேனரின் விளக்கு சாய்வாக விழுகிறது. உலோகம் அந்த ஒளியை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது, உணரிக்கு அது வந்துசேர்வதில்லை. புடவையை 90 டிகிரி திருப்பிவைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்தால், நூல் போகும் திசை மாறுவதால் ஜரிகையின் தோற்றமும் மாறும். மினுமினுப்பே வேண்டும் என்றால் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் போனில் எடுப்பதே மேல்.

ஸ்கேனரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: அளவு. மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி என்று ஒரு பழைய கரையை 1200 டிபிஐ-யில் எடுத்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று திரையிலேயே எண்ணலாம். கோர்வையில் கரையும் உடலும் பிணைகிற இடம் இழை இழையாகத் தெரியும். பாட்டியின் புடவையைப் போலவே ஒன்று நெய்து தரச்சொல்லி வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. அந்தப் படத்தைக் கணினியில் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் ஜக்கார்டு அட்டைக்கான டிசைன் தயாராகிறது. குறைந்த டிபிஐ-யில் எடுத்தால் துணியின் இழைகளும் புள்ளிகளும் முட்டிக்கொண்டு, புடவையில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். ஒன்று முக்கியம்: கல்லும் மணியும் வைத்த ஆரி வேலை ரவிக்கையைக் கண்ணாடிமேல் வைக்கவே வைக்காதீர்கள். கீறல் விழுந்தால் அதன்பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோடு இருக்கும்.

கைலாசநாதர் கோயிலின் பிரதிகள்

மூலத்தை ஒட்டிவைத்துப் பிரதி எடுப்பது காஞ்சிக்குப் புதிதல்ல. ஈரத்தாளைக் கல்வெட்டின்மேல் ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி, எழுத்தின் அளவை இம்மியும் மாற்றாது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1886-87-இல் கைலாசநாதர் கோயில் உள்ளிட்ட காஞ்சிக் கல்வெட்டுகளைத் திரட்டினார். அவை 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் அச்சேறின. கல் தேய்ந்துபோன இடங்களில் அன்று எடுத்த பிரதிதான் ஆய்வாளர்களுக்குக் கை கொடுக்கிறது. புகைப்படத்துக்கும் அதே நிலைதான், மூலம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருக்கிறது.

சிவந்துபோன கல்யாணம்

பழைய கலர் படங்களில் எல்லா முகமும் ஒரே சிவப்பாகத் தெரிவது ஏன்? அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் மூன்று சாயங்கள்; அவற்றில் நீலப்பச்சைச் சாயம் ஆல்பத்தை மூடியே வைத்திருந்தாலும் முதலில் மங்கியது. ஸ்கேனர் மென்பொருளில் 'கலர் ரெஸ்டோரேஷன்' என்று இருப்பது இதைச் சரிசெய்யத்தான். ஆனால் திருத்தாத பிரதி ஒன்றையும் கட்டாயம் வைத்திருங்கள். நாளைக்கு வரும் மென்பொருள் இன்னும் நன்றாகச் செய்யும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள், பழுப்புக் கறைகள் படத்தின் சிவப்பு நிறச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். பிறகு அந்தச் சேனலை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக்கிக்கொள்ளலாம்.

மஞ்சள் இருந்தால் கவனம்

ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு எதுவானாலும் மூலையில் மஞ்சள் தடவுவது வழக்கம். அந்தப் பொடி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த படத்தில் மஞ்சள் தீற்றலாக வரும். கீழே ஒரு தெளிவான ஓஎச்பி தாளைப் போட்டுவிட்டு ஜாதகத்தை வையுங்கள். கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். நேராகக் கண்ணாடியில் தெளித்தால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும்.

பத்திரம் ஏன் முழுதாக வருவதில்லை?

முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். வீட்டு ஸ்கேனரின் கண்ணாடியோ ஏ4 அளவுதான். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று நாலு விரல் அகலம் இரண்டிலும் பொதுவாக இருக்கும்படி இரண்டு தடவை எடுத்து, மென்பொருளில் இணைக்கலாம். முத்திரையும் கையெழுத்தும் பின்பக்கத்திலும் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். நீங்களே ஸ்கேன் செய்த பத்திரம் தேடிப்பார்க்க உதவும்; மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. 2015-இல் வந்த அரசின் மின்-ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் அரசுத் துறை நேராக வழங்கிய ஆவணத்துக்குத்தான் மூலத்துக்குரிய மதிப்பு, நாம் ஏற்றிவைத்த ஸ்கேனுக்கு இல்லை.

நெகட்டிவ் இருக்கிறதா?

இருந்தால் கதையே மாறிவிடும். மெலிந்த ஸ்கேனர்களால் நெகட்டிவை எடுக்க முடியாது; மூடியிலும் விளக்கு இருக்கும் வி600 போன்றது வேண்டும். 35 மி.மீ. பிலிமின் ஒரு கட்டம் 36-க்கு 24 மி.மீ.தான், பெரிய டிபிஐ எண்களுக்கு வேலை வருவது இங்கேதான். தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதி கலர் நெகட்டிவுக்கு அருமையாக வேலை செய்யும். சாதாரண கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குச் செய்யாது. அதில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறித்துவிடுவதால் படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும்.

படத்தின் முதுகு

ஸ்டுடியோ முத்திரை, தேதி, "சின்னக்கா கல்யாணம்" என்று பென்சிலில் ஒரு வரி. படத்தைத் திருப்பாமல் விட்டால் இதெல்லாம் போய்விடும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடித்தேடி மின்வடிவாக்கியது. யாருடையது, எந்த ஊர் என்று தெரியாத பழைய படங்கள் எத்தனையோ ஊர் ஊராகக் கிடக்கின்றன. வீட்டில் அந்த நிலை வரக் கூடாது. முன்பக்கத்துக்கு '1979_07_அத்திவரதர்_01', பின்பக்கத்துக்கு அதே பெயரோடு 'பின்' என்று சேர்த்துச் சேமியுங்கள். நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக அத்தையிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஸ்கேன் செய்வதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

2059-இல் திறக்குமா?

அனந்தசரஸ் கோயில் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் 1979-இல் எழுந்தருளினார், பிறகு 2019-இல். அடுத்தது 2059. இன்று எடுக்கும் ஸ்கேனை அன்றைக்கு உங்கள் பேத்தி திறந்து பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படக் கோப்பு வடிவங்களில் டிஃப் 1986-இல் வந்தது, ஜேபெக் தரம் 1992-இல். இரண்டும் இன்றும் எங்கேயும் திறக்கின்றன. முதல் பிரதியை டிஃபில் வையுங்கள். 4×6 படம் 600 டிபிஐ-யில் சுமார் 26 எம்பி வரும். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், அதனால் அது வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும். பத்திரங்களுக்கு 2005-இல் நெடுநாள் பாதுகாப்புக்கென்றே தரப்படுத்திய பிடிஎஃப்/ஏ இருக்கிறது.

மூன்று, இரண்டு, ஒன்று

2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன கணக்கு. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் போதும். அச்சுப்படம் நனைந்தால் வெயிலில் போடாமல், சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே தெரிய நிழலில் காயவையுங்கள்.

உடனே எடுக்க வேண்டியது எது?

ஏடிஎம் சீட்டு, சில கடை பில்கள், பழைய ஃபேக்ஸ். இவை வெப்பத்தால் கறுக்கும் தாள். எழுத்து சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும்.

பழைய ஸ்கேனர் வீட்டிலேயே கிடக்கிறதா?

புது விண்டோஸுக்கு டிரைவர் இல்லை என்று மூலையில் போட்ட ஸ்கேனர்கள் பல, லினக்ஸில் 'சேன்' என்ற கட்டற்ற மென்பொருளால் நன்றாக ஓடும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஆர்வலர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஆல்-இன்-ஒன் பிரிண்டர் இருந்தால் அதிலுள்ள ஸ்கேனரில் முதலில் ஒரு படத்தை 600 டிபிஐ-யில் எடுத்துப் பாருங்கள். முகமும் கரையும் தெளிவாக இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.