தொட்டியில் படர்ந்த பாசி

கண்ணாடித் தொட்டியில் கடல் நீரை நிரப்பி வண்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் இன்று நகரத்து அடுக்குமாடி வீடுகளில் மட்டுமல்ல, நம்முடைய சொந்த ஊர்களிலும் காணப்படுகிறது. ஒற்றசேகரமங்கலத்தில் எனக்கு நெருங்கிய அறிமுகமுள்ள ஒரு வீட்டில் அப்படிப்பட்ட தொட்டி ஒன்று உண்டு. சென்னையில் பணிபுரியும் மகன், தன் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பார்த்து மகிழவேண்டும் என்று அதை வாங்கி வைத்துவிட்டுப் போனார். மூன்றடி நீளம், ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளளவு, ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட இரண்டு கோமாளி மீன்கள். பராமரிக்கும் பொறுப்போ எழுபது வயதைக் கடந்த தகப்பனாரின்மேல் விழுந்தது.

சில வாரங்களில் கண்ணாடியின்மேல் பழுப்பு நிறத் தூள் படிந்தது. அதற்காக அவர் கலங்கியிருக்க வேண்டியதில்லை. அது டயாட்டம் என்னும் நுண்பாசி. புதிய தொட்டியின் நீரிலுள்ள சிலிக்காவை உண்டு வளரும். அது தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே மறையும். ஆனால் அதன்பின் வந்ததோ வேறு. தலைமயிர் போன்ற நீண்ட பச்சைப் பாசி கற்களையும் குழாய்களையும் மூடிக்கொண்டது. மீன்கள் இருக்கின்றனவா என்று குனிந்து தேடவேண்டிய நிலை. மே மாதத்தில் பேரப்பிள்ளைகள் வந்தால் எதைக் காட்டுவது என்பதே பெரியவரின் கவலையாயிருந்தது.

அவர் ஒரு கடையில் பாசி ஒழிக்கும் மருந்தைக் கேட்டு வாங்கினார். தாமிரம் கலந்த மருந்து அது. தாமிரம் பாசியைக் கருக்கும் என்பது உண்மையே. ஆனால் நத்தை, இறால், நண்டு ஆகிய முதுகெலும்பற்ற உயிர்களுக்கு அது கொடிய நஞ்சு. பாசியைத் தின்பதற்கென்றே விடப்பட்டிருந்த நத்தைகள் மூன்றே நாட்களில் இறந்துபோயின. இறந்த நத்தையும் கருகிய பாசியும் அழுகி நீரில் கலந்தன. இரண்டு வாரங்களில் முன்னிலும் அடர்த்தியாகப் பாசி எழும்பிற்று.

இது ஏன் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், உரமும் வேண்டும். அந்த உரம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகும். மீன் தின்ற தீனி கழிவாகிறது. தின்னாத தீனி அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அமோனியா பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவ்வளவில் சங்கிலி நின்றுவிடுகிறது. நைட்ரேட்டை நாம் வெளியேற்றாவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும். சோதனைத் திரவத்தை ஊற்றிப் பார்த்து, "நைட்ரேட் இல்லையே, பின் ஏன் பாசி?" என்று கேட்பவர்கள் உண்டு. நீரில் இல்லாததற்குக் காரணம், பாசி அதை உடனுக்குடன் உண்டுவிடுவதே.

அந்த வீட்டில் உரம் மூன்று வழிகளில் வந்துகொண்டிருந்தது. முதலாவது, கடல் நீர். அருகில் என்பதற்காகப் பூவாறில், நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகத்திலிருந்து நீர் எடுத்து வந்திருந்தார்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பொழிமுகத்தில் அது மழைக்கும் வேலியேற்றத்திற்கும் ஏற்ப மாறிக்கொண்டேயிருக்கும். மேலும் எங்கள் பகுதியின் வாழைத்தோட்டங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் கழுவி வரும் உரமெல்லாம் ஆற்றோடு அங்கேதான் சேருகிறது. இரண்டாவது, கிணற்று நீர். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நிற்கும். ஆகையால் குறைந்ததை நன்னீரால் நிரப்புவது சரியே. ஆனால் கிணற்று நீரிலுள்ள நைட்ரேட்டும் சிலிக்காவும் ஆவியாகாமல், வாரத்திற்கு வாரம் சேர்ந்துகொண்டே போகும். உப்பும் கனிமமும் நீக்கப்பட்ட சுத்த நீரே இதற்கு ஏற்றது.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்குத் தயக்கமாயிருந்தது. பெரியவர் தொட்டியின் அருகே வந்தாலே அந்த இரண்டு மீன்களும் மேலே ஓடிவரும். அவர் கையிலுள்ள தீனியைக் கொத்தும். வீட்டில் வேறு யாரும் அப்படி ஓடிவருவதில்லை. காலை, மதியம், மாலை, இரவு என்று நாளைக்கு ஐந்து முறையாவது தீனி போட்டுவந்தார். "பசி என்று வருகிறதே, எப்படிப் போடாமல் இருப்பது?" என்றார். அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை.

பெருங்கடலிலும் இவ்வித சமநிலையே காக்கிறது. 1983-இல் கரீபியன் கடலில், நீண்ட கருமுட்கள் கொண்ட டையடெமா என்னும் கடல் முள்ளெலிகள் ஒரு நோயினால் மடியத் தொடங்கின. ஓராண்டிற்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. பாசியை மேய்ந்துவந்தவை அவையே. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்கள் அதற்கு முன்பே மிகுதியாகப் பிடிக்கப்பட்டுவிட்டன. 1970-களின் பிற்பகுதியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளமாயிருந்த அந்தத் திட்டுகளில், 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துகூட மிஞ்சவில்லை. எஞ்சிய இடமெல்லாம் பாசி. நத்தைகளை இழந்த தொட்டியும் அதன் சிறிய சாயலே.

(நம்மவரில் சிலர் மன்னார் வளைகுடாவின் பவளக்கல்லைத் தொட்டியில் வைத்தால் நீர் சுத்தமாகும் என்று தேடுகிறார்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. நுண்துளைகளுள்ள பீங்கான் துண்டுகளிலும் பாக்டீரியா நன்றாய்க் குடியேறும்.)

இனி அந்த வீட்டில் செய்யப்பட்டதைக் கூறுகிறேன். பாசியைக் கையாலேயே பிடுங்கி எடுத்தார்கள். பிடுங்கிய பாசியோடு அது உண்ட உரமும் வெளியேறிவிடுகிறது என்பதால் இதைவிட நேர்வழி வேறில்லை. பிடுங்கியதை ஆற்றில் எறியாமல் தென்னையின் மூட்டில் இட்டார்கள். தொட்டிப் பாசி வேற்று நீரில் பரவினால் என்ன நேரும் என்பதை மத்தியதரைக் கடல் கண்டிருக்கிறது. அங்கே 1984-இல் மொனாக்கோ கடற்காட்சியகத்தின் கீழே காணப்பட்ட காலெர்ப்பா என்னும் பாசி, பின்னாட்களில் கடலடியில் பெரும்பரப்பை மூடிற்று. கிழக்குச் சன்னலுக்குத் திரை போட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் எரிந்த விளக்கை ஏழு மணி நேரமாகக் குறைத்தார்கள். மருந்தின் எச்சத்தை நீக்க, வடிகட்டியில் கரி வைத்தார்கள். வாரந்தோறும் பத்து லிட்டர் நீரை அடிமணலிலிருந்து உறிஞ்சி எடுத்து, கடலுப்புத் தூளைச் சுத்த நீரில் கரைத்து ஊற்றினார்கள். இதில் ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்தால், பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றியபின் அது 36 மட்டுமே ஆகும். வாரத்தில் போடும் தீனி அந்த நான்கையும் திரும்பச் சேர்த்துவிடுமானால் எல்லாப் பிரயாசமும் வீண்.

ஆகவே தீனியைப்பற்றிப் பேசத்தான் வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒருமுறை போதும் என்றேன். மற்ற நேரங்களில் வெறுங்கையோடு அருகே போய் நில்லுங்கள், அப்போதும் ஓடிவரும் என்றேன். அவர் அதை நம்பவில்லை. ஆயினும் செய்து பார்த்தார்.

முதல் மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் பாசியின் நுனிகள் வெளிறின. மூன்றாம் மாதத்தில் கற்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்றின்மேல் இளஞ்சிவப்பாய்ச் சுண்ணப்பாசி படியத் தொடங்கியிருந்தது. அது நல்ல நீருக்கு அடையாளம். நீரில் தாமிரம் இல்லையென்று சோதித்தபின் புதிய நத்தைகள் நான்கு வந்தன. பின்புறக் கண்ணாடியில் மட்டும் ஒரு சாண் அகலத்திற்குப் பாசி நின்றது. அதைச் சுரண்ட நான் கை நீட்டியபோது பெரியவர் தடுத்துவிட்டார். நத்தைகளுக்கு அது வேண்டுமாம்.