புதிய பாகம் வந்த முதல் வாரம்: ‘டியாப்லோ 4’ சொல்லும் கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் ரிங்லெட், ஹாபு வட்டாரத் தோட்டத்து வீடுகளிலும் இப்போது இந்தக் கேள்வி எழுகிறது: “புது கேம் வந்திருக்குப்பா, வாங்கித் தர்றீங்களா?” விலையைக் கேட்டால் 300 வெள்ளிக்குக் குறையாது. என்ன விளையாட்டு என்று கேட்டால், “எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க” என்பதே பதில். அந்த ‘எல்லாரும்’ பெரும்பாலும் வெளியீட்டு வாரத்தில் காணொளி போட்டவர்கள்.

முதல் வாரத்துப் பாராட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு ‘டியாப்லோ 4’. 2023 ஜூனில் வந்தபோது வானளாவப் புகழப்பட்ட விளையாட்டு அது. ஒன்றரை மாதத்தில் அதே ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தது. ஓராண்டு கழித்து மீண்டும் எழுந்து நின்றது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இளைஞருக்கும் இந்த மூன்று கட்டங்களிலும் பாடம் இருக்கிறது.

வெட்டிச் சாய்க்கும் விளையாட்டு என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ‘ஹேக் அண்ட் ஸ்லாஷ்’ என்பார்கள். கதை பேசுவதைவிட எதிரிகளை வெட்டிச் சாய்ப்பதே முதன்மையான விளையாட்டு வகை இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ காலத்திலேயே இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இன்று இந்த வகைக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001-இல் தொடங்கிய ‘டெவில் மே க்ரை’ போன்றவை. நாயகனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்து ஆட வேண்டும். எந்த நொடியில் வாளை வீசுவது, எப்போது விலகுவது என்ற கைத்திறன்தான் அதில் வெற்றி.

மற்றொன்று அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனத்தின் ‘டியாப்லோ’ தொடர். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம். கூட்டம் கூட்டமாக அரக்கர்கள். ஒவ்வொருவரும் சாகும்போது தங்கம், வாள், கவசம் என்று ஏதாவது தரையில் விழும். எந்தப் பொருளுக்கு என்ன ஆற்றல் என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்கிறது. அடுத்த அடியில் இன்னும் நல்ல வாள் விழலாம் என்ற எதிர்பார்ப்புதான் ஆடுபவரை நள்ளிரவு வரை உட்கார வைக்கிறது.

நான்காம் பாகத்தின் முதல் பார்வை

முதல் டியாப்லோ 1996 இறுதியில் வந்தது. இரண்டாம் பாகம் 2000-இலும் மூன்றாம் பாகம் 2012-இலும் வந்தன. நம் நாட்டில் சைபர் கபேக்கள் நிறைந்திருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் பாகம் பழகிய பெயர். அதன் இருண்ட சூழலை விரும்பியவர்களுக்கு மூன்றாம் பாகத்தின் பளிச்சென்ற வண்ணங்கள் உறுத்தின. நான்காம் பாகம் முதல் காட்சியிலேயே அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

பனிப்புயலில் குதிரையை இழந்த வழிப்போக்கனாகக் கதை தொடங்குகிறது. குகையில் ஒதுங்கி, நெவெஸ்க் என்ற சிற்றூரை அடைகிறோம். அரக்கனைக் கொன்று உதவியதற்கு ஊரார் விருந்து வைக்கிறார்கள். அந்த விருந்திலேயே மயக்க மருந்து கலந்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடக்கிறது. யாரை நம்புவது என்ற அச்சம் அப்போதே மனத்தில் ஊன்றிவிடுகிறது.

எதிரியாக வரும் லிலித் வெறும் அரக்கி அல்ல. சொர்க்கமும் வேண்டாம், நரகமும் வேண்டாம், மனிதர் தம் ஆற்றலில் நிற்கட்டும் என்கிறாள். அவள் செல்லும் வழி கொடியது என்றாலும், வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. கூத்தில் துரியோதனன் மேடையேறும்போது அவன் பக்க நியாயத்தையும் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதனால் இந்தப் பாத்திரம் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

சண்டையும் கனமாக இருக்கிறது. பார்பேரியனின் கோடரி இறங்கினால் அந்த அடி ஒலியிலும் அசைவிலும் தெரிகிறது. தொடக்கத்தில் ஐந்து வகைப் பாத்திரங்கள் தரப்பட்டன: பார்பேரியன், ட்ரூயிட், நெக்ரோமான்சர், ரோக், சோர்சரர். திறன்களைத் தொடக்க நிலைகளில் மிகக் குறைந்த தங்கத்தில் மாற்றிப் பார்க்கலாம் என்பதால் புதியவருக்குப் பயமில்லை.

இந்த முதல் பார்வைக்குப் பலனும் கிடைத்தது. முதல் ஐந்து நாளில் 666 மில்லியன் டாலருக்கு மேல் விற்றதாக பிளிசார்ட் அறிவித்தது.

தேன்நிலவுக்குப் பிறகு

இந்த வகை விளையாட்டின் முதல் இருபது மணி நேரம் பெரும்பாலும் இனிக்கத்தான் செய்யும். அது அப்படித்தான் வடிவமைக்கப்படுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுத் திறன், புது ஆயுதம், புது ஊர் என்று வந்துகொண்டே இருக்கும்.

கதை முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. டியாப்லோ 4 வெளியானபோது பாத்திரத்தின் உச்ச நிலை 100. கதையை முடிக்கும்போது பெரும்பாலானோர் அதில் பாதியைத்தான் தொட்டிருப்பார்கள். மீதிப் பாதியில் புதுத் திறன்கள் வருவதில்லை. ஏற்கெனவே பார்த்த குகைகளை மீண்டும் மீண்டும் சுற்ற வேண்டும். நாம் பலம் பெறப் பெற உலகிலுள்ள அரக்கர்களும் பலம் பெறுவதால், வளர்ந்துவிட்டோம் என்ற நிறைவும் பலருக்குக் கிட்டவில்லை. குவியும் ஆயுதங்களில் ஒவ்வொன்றின் சிறிய எழுத்து விவரங்களைப் படித்து ஒதுக்குவதே பெரிய வேலையாகிப் போனது.

2023 ஜூலை 18-இல், முதல் ‘பருவம்’ தொடங்குவதற்கு முன் ஒரு திருத்தம் வந்தது. பாத்திரங்களின் தாக்கும் பலமும் தாங்கும் பலமும் ஒருசேரக் குறைக்கப்பட்டன; நிலை உயரும் வேகமும் குறைந்தது. பாடுபட்டு வளர்த்த பாத்திரம் ஒரே இரவில் இளைத்துவிட்டது என்று ரசிகர்கள் கொந்தளித்தனர். சில நாட்களிலேயே தயாரிப்பாளர்கள் நேரலையில் தோன்றி, இப்படியொரு திருத்தத்தை இனி வெளியிடும் எண்ணமில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2024 மே 14-இல் தொடங்கிய நான்காம் பருவத்தில்தான் ஆயுத முறை அடியோடு மாற்றப்பட்டது. ஒரு பொருளில் இருந்த ஆற்றல்களின் எண்ணிக்கை குறைந்தது. வேண்டியதை நாமே பட்டறையில் சேர்க்கும் வழி வந்தது. விளையாட்டைக் கைவிட்ட பலர் திரும்பி வந்தனர். அதே ஆண்டு மார்ச் இறுதியில் மைக்ரோசாப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் அது சேர்ந்துவிட்டது.

ஆக, முதல் வாரம் முழு விலை கொடுத்தவர்கள் சரிவர முடியாத விளையாட்டை வாங்கினார்கள். ஓராண்டு பொறுத்தவர்களுக்குக் குறைந்த செலவில் திருந்திய விளையாட்டு கிடைத்தது.

இது புதிய கதையும் அல்ல. 2012 மே 15-இல் மூன்றாம் பாகம் வந்தபோது, முதல் நாளே ‘பிழை 37’ என்ற அறிவிப்போடு பலர் வாசலிலேயே நின்றார்கள். உண்மைப் பணத்துக்கு ஆயுதம் விற்கும் ஏலச் சந்தையை அதில் வைத்திருந்தார்கள். சண்டையிட்டுச் சம்பாதிக்கும் ருசியையே அது கெடுத்ததால் 2014 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் பிறகே மூன்றாம் பாகத்துக்கு நல்ல பெயர் வந்தது.

தோட்டத்துக் கணக்கு

விமர்சனங்களில் பெரும்பாலும் வராத ஒன்று இருக்கிறது. விமர்சகர் வீட்டில் அதிவேக இணையம் இருக்கும், நம் லயத்தில்?

தாப்பாவிலிருந்து மலையேறி வந்தால் முதலில் வரும் சிறுநகரம் ரிங்லெட். அதைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்கள் மேடும் பள்ளமுமானவை. 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் தோட்டமும் இங்கேதான் இருக்கிறது. கைப்பேசி அலை மலையைத் துளைத்துக்கொண்டு வராது. மேட்டு லயத்தில் லைன் கிடைக்கும், பள்ளத்து லயத்தில் கிடைக்காது. கனமழை பெய்தால் கிடைத்ததும் போகும்.

டியாப்லோ 4 தனியாக ஆடினாலும் இணையத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும். லைன் அறுந்தால் விளையாட்டும் நின்றுவிடும். ‘ஹார்ட்கோர்’ முறையில் பாத்திரம் ஒருமுறை இறந்தால் இறந்ததுதான். சண்டையின் நடுவே லைன் போய், பல வார உழைப்பும் அதோடு போகலாம்.

பதிவிறக்கத்தையும் பாருங்கள். கணினியில் இதற்குக் குறைந்தது 90 ஜிகாபைட் இடம் வேண்டும் என்கிறது நிறுவனம். நொடிக்கு 10 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தால்கூட, அவ்வளவையும் இறக்க 20 மணி நேரம் ஆகும். கைப்பேசித் தரவை வைத்து இறக்கினால், மாதாந்திரத் திட்டத்தின் அளவே பலருக்குப் போதாது. ஒவ்வொரு பருவத்துக்கும் வரும் திருத்தங்கள் இதற்கு மேல்.

அடுத்து விலை. வெளியீட்டின்போது அடிப்படைப் பதிப்பு 69.99 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 320 வெள்ளி. அப்போது நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளி. அதாவது ஒரு மாத உழைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சில நாள் முன்னதாகவே ஆட விரும்பியவர்களுக்கு 89.99 டாலர் பதிப்பும் இருந்தது. கூடுதல் பணம் கொடுத்து அவர்கள் பெற்றவற்றில் அந்தச் சில நாட்களும் ஒன்று.

‘இலவசம்’ என்ற தூண்டில்

கணினி இல்லாத வீட்டில் பிள்ளைகள் கைப்பேசியை நாடுவார்கள். அங்கே ‘டியாப்லோ இம்மார்ட்டல்’ என்ற பாகம் 2022 ஜூன் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கதையை முடிக்கக் காசு தேவையில்லை. ஆனால் பாத்திரத்தை உச்ச பலத்துக்குக் கொண்டுபோக அரிய கற்கள் வேண்டும். அவற்றைப் பெற, பணம் கட்டிக் குலுக்கலில் இறங்கும்படி தூண்டும் அமைப்பு அதில் இருக்கிறது. குலுக்கல் பெட்டிகள் தொடர்பான சட்டநிலை காரணமாக பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அது வெளியிடப்படவே இல்லை.

300 வெள்ளி விளையாட்டில் செலவு வாங்கும்போதே தெரிந்துவிடும். இலவச விளையாட்டில் ஐந்தும் பத்துமாகக் கரைவது மாதக் கடைசியில்தான் தெரியும். பிள்ளையின் கைப்பேசியில் கட்டண அட்டையோ மின்பணப்பையோ இணைந்திருந்தால், ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து வையுங்கள்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

முதலாவது, வயது. டியாப்லோ 4-க்கு அமெரிக்க மதிப்பீடு 17 வயதுக்கு மேல். ஐரோப்பிய மதிப்பீடு 18. இரத்தமும் கோரக் காட்சிகளும் நிறைந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது, இணையம் இல்லாமல் ஆட முடியுமா? 2019 மார்ச்சில் வந்த ‘டெவில் மே க்ரை 5’ போன்றவற்றை ஒருமுறை இறக்கிவிட்டால் லைன் இல்லாத இரவிலும் கதையை ஆடலாம்.

மூன்றாவது, பாராட்டுபவர் எத்தனை மணி நேரம் ஆடினார்? பத்து மணி நேர அனுபவம் கதையையும் சண்டையையும் பற்றி நம்பத்தக்கது. நீடித்த சுவையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நான்காவது, வாங்கிய பின் கட்ட வேண்டியது என்ன? பருவச் சீட்டு, விரிவாக்கம், அலங்கார உடை என்று பட்டியல் நீளும். டியாப்லோ 4-க்கே 2024 அக்டோபரில் ‘வெசல் ஆஃப் ஹேட்ரட்’ என்ற விரிவாக்கம் தனி விலையில் வந்தது.

ஐந்தாவது, ஆறு மாதம் பொறுத்தால் என்ன இழப்பு? நண்பர்களோடு முதல் நாளே ஆடும் மகிழ்ச்சி போகும். அது சிறிய இழப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பிள்ளைகளின் ஆர்வத்தை வெட்டிப் பொழுது என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். பிளிசார்டின் ‘ஸ்டார்கிராஃப்ட்’, ‘வார்கிராஃப்ட் 3’ ஆகியவற்றின் புதுப்பிப்புகளுக்கு ஓவியப் பணி செய்தது நம் நாட்டு லெமன் ஸ்கை நிறுவனம். சோனி, பண்டாய் நாம்கோ, லாரியன் ஆகியவை இங்கே கலைக்கூடம் நடத்துகின்றன. வரைகலை, நிரலாக்கம், இசை, எழுத்து என்று பல வேலைகள் அங்கே உண்டு. “ஏன் அந்த அடி கனமாகத் தெரிகிறது? ஏன் ஐம்பதாவது மணி நேரத்தில் சலிக்கிறது?” என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முயலும் பிள்ளை விளையாட்டைச் செய்பவரின் கண்ணால் பார்க்கத் தொடங்கும். அந்தப் பேச்சுக்கு 300 வெள்ளியும் வேண்டாம், லைனும் வேண்டாம்.