சோதனைச் சர்வரில் ஒரு துபாஷி



கொல்கத்தா நகரின் வடபால், பாரக்பூர் டிரங்க் சாலையை ஒட்டி, பாராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் அமைந்துள்ளது. பேராசிரியர் மகலனோபிஸ் 1931ஆம் ஆண்டில் தோற்றுவித்த கழகம் அது. 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஹெச்.ஈ.சி. 2எம் என்னும் கணிப்பொறி அங்கு வந்திறங்கியது. இலக்கமுறையில் இயங்கும் கணிப்பொறி இந்நாட்டில் நிறுவப்பெற்றது அதுவே முதன்முறை. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் சோவியத் நாட்டிலிருந்து யூரல் என்னும் மற்றொரு பொறியும் அதே கழகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஒரே கழகத்தில் இரண்டு பொறிகள். ஆனால் முதற் பொறிக்கென எழுதிய நிரலை இரண்டாவதன் வாயில் இட்டால் அது விழுங்காது. காரணம் எளிது. அந்நாளில் நிரல் என்பது பொறியின் சொந்த எண் மொழியில் எழுதப்பட்ட கட்டளைத் தொடர். ஒரு பொறிக்குக் கூட்டலைக் குறிக்கும் எண் மற்றொரு பொறிக்கு வேறெதையோ குறிக்கும். ஆகவே பொறி மாறினால் நிரலையும் முதலிலிருந்தே எழுத வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிற்காலத்தார் கண்ட வழிகளுள் ஒன்று, நிரலுக்கும் பொறிக்கும் இடையே ஒரு துபாஷியை நிறுத்துவது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்கார வணிகருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று இரு மொழியும் பேசிய துபாஷிகளை நாம் அறிவோம். அவ்வாறே, மனிதர் எழுதும் நிரலை வாங்கி, தான் நிற்கும் பொறிக்கு அவ்வப்போது மொழிபெயர்த்துச் சொல்லும் மென்பொருளுக்கு 'இயக்கச் சூழல்' என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் இணைய உலாவிக்காகப் படைக்கப்பட்டது. நெடுங்காலம் உலாவிக்குள்ளேயே பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. 2009ஆம் ஆண்டில் ரயன் டால் என்பவர் அதனை வெளியே அழைத்து வந்தார். கூகுள் நிறுவனத்தார் தம் குரோம் உலாவிக்கென ஆக்கிய வி8 என்னும் எந்திரத்தைத் தனியே எடுத்து, சர்வரிலும் இயங்கும் துபாஷியாக்கினார். அதுவே நோட் ஜேயெஸ்.

துபாஷி வந்துவிட்டார்; தொல்லை தீர்ந்ததா? பொறிகளின் வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது உண்மை. ஆனால் புதியதொரு வேற்றுமை அவ்விடத்தில் வந்தமர்ந்தது. துபாஷியின் வயதுதான் அது. பன்னிரண்டாம் பதிப்புத் துபாஷி ஒரு சொல்லைப் பெயர்ப்பது ஒருவிதம். பதினான்காம் பதிப்புத் துபாஷி பெயர்ப்பது மற்றொரு விதம். இதனை நான் உணர்ந்தது சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில்.

அங்குள்ள பல மாடிக் கட்டடங்களுள் ஒன்றில் ஒரு சிறு மென்பொருள் அலுவலகத்தில் 2021ஆம் ஆண்டில் நான் பணி செய்துகொண்டிருந்தேன். மருந்துக் கடைகளுக்கான நிரல் ஒன்றை எழுதி வந்தோம். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டும் சீட்டை வங்காளத்தில் அச்சிடுவது அந்நிரலின் வேலைகளுள் ஒன்று. எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, எந்தத் தேதி வரையில் என்பனவெல்லாம் வங்காள எழுத்திலும் வங்காள எண்ணிலும் வர வேண்டும். எண்ணை வங்காள வடிவில் தா என்று கேட்டால், அவ்வேலையை இயக்கச் சூழலே செய்து கொடுக்கும். நாம் எண்களின் பட்டியலை எழுதிவைக்கத் தேவையில்லை.

துர்க்கா பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. பூஜை விடுமுறை தொடங்குமுன் புதிய பதிப்பைக் கடைகளுக்கு அனுப்பிவிட வேண்டும். எங்கள் மேசைக் கணிப்பொறிகள் அனைத்திலும் சோதனைகள் தேறின. சோதனைச் சர்வரில் மட்டும் ஒரு சோதனை தவறிற்று. வங்காள எட்டு வர வேண்டிய இடத்தில் ஆங்கில எட்டு வந்திருந்தது. எங்களுள் இளையவர் ஒருவர், "சர்வர்தான் கெட்டுக் கிடக்கிறது, தாதா, அந்தச் சோதனையை இப்போதைக்கு எடுத்துவிடலாமே" என்றார். மறுப்பதற்கு எவருக்கும் மனம் இல்லை. எனக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவ்வளவில் அது முடிந்திருக்கும். ஆனால் வங்காள எண்களைப் பார்த்திருப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வங்காள நான்கு, பார்வைக்கு அச்சாக ஆங்கில எட்டைப் போலவே இருக்கும். வங்காள ஏழும் ஆங்கில ஒன்பதைப் பெரிதும் ஒத்திருக்கும். இந்நகருக்கு வந்த புதிதில், லேக் மார்க்கெட் பக்கம் பேருந்தின் எண்ணை இவ்வாறு மாற்றிப் படித்து ஏறி அவதிப்பட்ட தமிழர் பலர் உண்டு. முழுவதும் வங்காளத்தில் அமைந்த ஒரு சீட்டில் ஆங்கில எட்டு ஒன்று புகுந்துவிட்டால், வங்காளம் மட்டுமே அறிந்த முதியவர் அதனை நான்கு என்றே படிப்பார். எட்டு மணிக்கு உண்ண வேண்டிய மருந்தை நான்கு மணிக்கு உண்பார். எட்டுச் சொட்டு நான்கு சொட்டாகும். நிரல் எவ்விதக் குற்றமும் சாட்டாது. சீட்டு அழகாக அச்சாகி வெளிவரும்.

பிறகு துருவிப் பார்த்ததில் காரணம் புலப்பட்டது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த பதின்மூன்றாம் பதிப்பு முதற்கொண்டே நோட் ஜேயெஸ் உலக மொழிகள் பலவற்றின் எண், தேதி வழக்குகளைத் தன்னுள் முழுமையாக வைத்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில், அதன் ஆசிரியர்கள் வழக்கமாக வெளியிட்ட கட்டில், ஆங்கில வழக்கு மட்டுமே உண்டு. வங்காளத்தில் தா என்று கேட்டால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாமல் ஆங்கிலத்தில் தந்துவிடும். எங்கள் மேசைகளில் இருந்தது பதினான்கு. சோதனைச் சர்வரில் எவரோ எப்போதோ இறக்கி வைத்த பன்னிரண்டு. இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: கடைகளில் நிரலை ஓட்டிய பொறிகளிலும் பன்னிரண்டே இருந்தது. கெட்டுக் கிடந்தது என்று நாங்கள் எண்ணிய சர்வர் ஒன்றே கடையில் நடக்கப் போவதை உள்ளபடி சொல்லியிருந்தது.

இனி, அத்தகைய சர்வரில் துபாஷியை எவ்வாறு அமர்த்துவது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பலர் சேர்ந்து எழுதும் நிரலில், ஒவ்வொருவரும் தம் பங்கைச் சேர்க்குந்தோறும் முழு நிரலையும் புதிதாகக் கூட்டிச் சோதிக்கும் முறைக்குத் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று பெயர். இவ்வேலைக்கெனப் பலரும் வைத்திருக்கும் மென்பொருள் ஜென்கின்ஸ். ஜப்பானியரான கோசுகே கவாகுச்சி, சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய நாளில் ஹட்சன் என்னும் பெயரில் தொடங்கியது அது. ஆரக்கிள் நிறுவனத்துடன் எழுந்த பெயர்ப் பிணக்கினால் 2011இல் ஜென்கின்ஸ் ஆயிற்று. அதன் சின்னம் ஒரு பட்லர். நாம் உறங்கும்போதும் விழித்திருந்து வேலை பார்க்கும் பட்லர்!

இந்தப் பட்லரிடம் பழகுவோர் முதலில் இடறும் இடம் ஒன்று உண்டு. நாம் சர்வரில் நம் பெயரால் நுழைந்து, என்.வி.எம். என்னும் கருவியைக் கொண்டு நோட் ஜேயெஸை நிறுவுகிறோம். 'நோட்' என்று தட்டினால் விடை வருகிறது, மகிழ்ச்சியோடு திரும்புகிறோம். அடுத்த நொடியில் ஜென்கின்ஸ் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று கூறி 127 என்னும் முடிவெண்ணோடு நின்றுவிடுகிறது. ஜென்கின்ஸ் வேலை செய்வது நம் பெயரால் அன்று. தனக்கென உள்ள வேறொரு பயனர் பெயரால். நம் வீட்டு அலமாரியில் வைத்த பொருளை அது எங்ஙனம் காணும்? நாம் நுழையும்போது படிக்கப்படும் தொடக்கக் கோப்புகளையும் அது படிப்பதில்லை.

ஆதலின் துபாஷியை ஜென்கின்ஸின் கையாலேயே அமர்த்துவதுதான் நேரான வழி. நிர்வாகப் பக்கத்தில் பிளகின்கள் பகுதிக்குச் சென்று 'நோட்ஜேயெஸ்' என்னும் பிளகினை நிறுவிக்கொள்ள வேண்டும். பின்னர் அதே நிர்வாகப் பக்கத்தின் 'டூல்ஸ்' பகுதியில் நோட் ஜேயெஸ் நிறுவல் ஒன்றைச் சேர்த்து, அதற்கொரு பெயரிட்டு, தானே நிறுவிக்கொள்ளுமாறு குறித்து, பதிப்பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரிடுகையில் 'நோட்' என்று மட்டும் வைப்பதைவிட 'நோட்-14' என எண்ணையும் சேர்த்து வைப்பது நலம். இரண்டு திட்டங்கள் இரண்டு பதிப்புகளைக் கேட்கும் நாள் வந்தே தீரும். பழைய முறை வேலையாயின், நோட் இருக்கும் அடைவைப் 'பாத்' என்னும் தேடல் வழியில் சேர்க்கும் கட்டத்தைக் குறியிட்டால் போதும். பைப்லைன் முறையாயின், ஜென்கின்ஸ்ஃபைலில் 'டூல்ஸ்' என்னும் பகுதியில் 'நோட்ஜேயெஸ்' என்று எழுதி, நாம் இட்ட பெயரை எழுத்துப் பிசகாமல் குறிக்க வேண்டும். சர்வருக்கு வெளியுலகத் தொடர்பு இல்லையேல் இந்தத் தானியங்கு நிறுவல் நடவாது. அத்தகைய இடங்களில் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு பிரதியை வைத்து அங்கிருந்து இறக்கச் செய்வர்; அல்லது டாக்கர் பெட்டியில் துபாஷியை முன்கூட்டியே அடைத்து வைப்பர்.

துபாஷி அமர்ந்த பின், நிரல் நம்பியிருக்கும் பிறர் எழுதிய துணுக்குகளைக் கொணர வேண்டும். அவை என்.பி.எம். என்னும் களஞ்சியத்திலிருந்து வருவன. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சொல்லின் இடப்புறத்தில் இடைவெளி நிரப்பும் பதினொரு வரித் துணுக்கு ஒன்றை அதன் ஆசிரியர் அக்களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட, உலகெங்கும் எத்தனையோ திட்டங்களின் ஒருங்கிணைப்பு அன்று நின்றுபோயிற்று. பிறர் களஞ்சியத்தை நம்பி வாழும் வாழ்க்கை அத்தகையது. சர்வரில் 'என்.பி.எம். இன்ஸ்டால்' என்று சொல்வதைக் காட்டிலும் 'என்.பி.எம். சி.ஐ.' என்று சொல்வதே தக்கது. முன்னது சில வேளைகளில் பூட்டுக் கோப்பைத் தானே திருத்திக்கொள்ளும். பின்னது பழைய துணுக்குகள் அனைத்தையும் அகற்றி, பூட்டுக் கோப்பில் எழுதியுள்ள பதிப்புகளையே எழுதியவாறு கொணரும். பேக்கேஜ் கோப்பும் பூட்டுக் கோப்பும் முரண்பட்டால் வேலையை நிறுத்திவிடும். அவ்வாறு நிறுத்துவதை அதன் குணமாகவே கொள்ளலாம்.

எங்கள் அலுவலகத்தில் அந்த வாரம் செய்தவை சிலவே. சோதனையை நீக்கவில்லை. பதிப்பெண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி நிரலோடு சேர்த்தோம். மேசைக் கணிப்பொறிகளும் சோதனைச் சர்வரும் கடைகளின் பொறிகளும் அந்த எண்ணையே பின்பற்றுமாறு செய்தோம். ஒவ்வொரு சோதனை ஓட்டத்தின் முதல் வரியிலும் துபாஷி தன் பதிப்பெண்ணைச் சொல்லிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தோம். கடைகளின் பொறிகளை மாற்றுவதற்கு நாள் பிடித்தமையால், புதிய பதிப்பு பூஜைக்கு முன் போகவில்லை. கடைக்காரர் சிலர் கடிந்துகொண்டனர். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

பன்னிரண்டாம் பதிப்பின் பராமரிப்பு 2022 ஏப்ரலோடும், பதினான்கினுடையது 2023 ஏப்ரலோடும் முடிந்துவிட்டன. இன்று புதிதாக அமைப்போர் அவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கலாகாது. நீண்ட காலப் பராமரிப்பு உள்ள பதிப்பொன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்பை உயர்த்தும்போது சர்வரில் நேரே கை வைக்காமல், நிரலோடு இருக்கும் அந்தச் சிறு கோப்பில் எண்ணை மாற்றி, ஜென்கின்ஸில் அவ்வெண்ணுக்குரிய நிறுவலைச் சேர்த்து, முதலில் சோதனையை ஓட விடுக. எங்கள் நிரலில் துபாஷி அதன் பின் இருமுறை மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் முதலில் ஓடுவது அந்த எட்டுச் சொட்டுச் சோதனைதான்.