உள்ளே தாழ்ப்பாள், வெளியே அம்புலன்ஸ்

பிள்ளைகள் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்க, தாயோ தகப்பனோ தனியாகக் காலம் கழிக்கும் வீடுகள் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மாடிக்கு மாடி உண்டு. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். அங்கே பல பழைய வீடுகளில் லிப்டும் இல்லை, செங்குத்தான படிதான். மாதம் தவறாமல் காசு வருகிறது. பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் பாமசியில் இருந்து வீட்டுக்கே வருகின்றன. இதற்கு மேல் என்ன குறை என்று கேட்பார்கள். குளியலறைத் தாழ்ப்பாள்தான் குறை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுக்கு 684,000 பேர் விழுந்து சாகிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் சாவுகளில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அறுபது தாண்டியவர்களே அதில் அதிகம். இலங்கையில் 2012 கணக்கெடுப்பிலேயே சனத்தொகையில் 12.4 வீதத்தினர் அந்த வயதுக்காரர். அதற்குப் பிறகு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

விடியற்புறத்தை எடுங்கள். படுக்கையில் இருந்து சட்டென்று எழும்பும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும். குளியலறை மாபிள் ஈரமாக இருக்கும். கை போய்ப் பிடிப்பது துவாய்க் கம்பியை. அது துவாயைத் தாங்கப் பூட்டியது, ஆளைத் தாங்க அல்ல, ஆணியோடு கழன்று வரும். எலும்பு தேய்ந்த பெண்களுக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிய இவ்வளவும் போதும். போன் கட்டிலில் கிடக்கும். கதவு உள்ளே பூட்டியிருக்கும். ஈரத் தரையில் மணிக்கணக்காகக் கிடந்தால் தசை நசிந்து சிறுநீரகம் வரைக்கும் கெட்டுவிடலாம். முறிவை ஆஸ்பத்திரியில் சரிசெய்யலாம், கிடந்த நேரத்தைச் சரிசெய்ய ஏலாது.

உதவி இல்லாத ஊரும் அல்ல இது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இன்று நாடு முழுக்க ஓடுகிறது, காசும் இல்லை. ஆனால் அம்புலன்ஸ்காரர் வந்து நிற்பது எந்தக் கதவுக்கு முன்னால்? வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் நான் பார்த்த மூன்றாம் மாடிக் கதவைச் சொல்கிறேன். வெளியே கம்பிக் கேற், அதன் உள்பக்கம் ஆமைப்பூட்டு. பிறகு மரக்கதவு: மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி, நடுவில் சங்கிலி. திறப்புக்கோர்வை சாமிப்படத்துக்குப் பக்கத்து ஆணியில். அதைத் தாண்டினால் குளியலறை, அங்கேயும் ஒரு தாழ்ப்பாள்.

சிரிக்க வேண்டாம். 83 ஜூலைக் கலவரத்தைக் கண்டவர்கள் இந்த முதியவர்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியதைப் பார்த்தவர்கள். கொண்டி போடாமல் நித்திரை வராது.

கமரா பூட்டியிருக்கிறோம் என்கிறார்கள் பிள்ளைகள். கமரா விழுந்ததைக் காட்டும், கதவைத் திறக்காது. வயோதிபர் இல்லமே பாதுகாப்பு என்பாரும் உண்டு, விரும்புகிறவர்கள் போகட்டும்.

வழுக்காத விரிப்பு, இரவு விளக்கு, கொமட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஆழத் துளையிட்டு இறுக்கிய கைப்பிடி, இவையெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். நான் சொல்வது கதவை. குளியலறைக்கு, வெளியில் இருந்து ஒரு சில்லறைக் காசைக் கொண்டு திருகித் திறக்கக்கூடிய பூட்டு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்து கிடப்பவரின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். வாசலில் கொண்டிகளைக் குறைத்து, இரு பக்கமும் திறப்புப் போடும் நல்ல பூட்டொன்றே போதும். மற்றத் திறப்பு பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சண்டை வரும். "அவையிட்ட திறப்பைக் குடுத்தா நகை என்னாகிறது?" நகையை வங்கி லொக்கரில் வையுங்கள் அம்மா, திறப்பைக் கொடுங்கள்.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறங்கிய மறுநாளே தச்சரைக் கூப்பிடுங்கள். கோயிலுக்கு அடுத்த நாள் போகலாம்.