தொலைவிலிருந்தும் தம்போலா ஆடுவோம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது, நீலகிரித் தோட்டங்களில் பெற்றோரும் கோவை, திருப்பூரில் பிள்ளைகளுமாகப் பலர் பிரிந்திருந்தோம். அன்று பழகிய வீடியோ அழைப்பு இன்றும் தொடர்கிறது. ஆனால் நலம் விசாரித்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

அப்போது தம்போலா கைகொடுக்கும். நோட்டுத்தாளில் 3 வரிசை, 9 பத்திகள் கட்டமிட்டு, வரிசைக்கு 5 வீதம் 15 எண்களை எழுதுவோம். எழுதிய சீட்டை முதலிலேயே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். நம் பேரப்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்! ஒருவர் 1 முதல் 90 வரையுள்ள துண்டுகளைக் குலுக்கி எடுத்து வாசிப்பார்.

சேர்ந்து பாடும் விளையாட்டுகள் வேண்டாம். குரல்கள் முன்பின்னாக வந்து குழம்பும். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே ஒவ்வோர் எண்ணையும் இருமுறை சொல்லி, சற்றுப் பொறுப்போம். ஒரே எண்ணில் முடித்தவர்கள் பரிசைப் பகிர்ந்துகொள்ளட்டும். வாசிக்கும் பொறுப்பைத் தோட்டத்துப் பாட்டியிடமே கொடுத்தால், அவர் குரல் வரும்வரை அடுத்த எண்ணுக்கு எவரும் போக முடியாது.