கூண்டுக்குள் மனிதன், வெளியே சுறா

மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் கூண்டுக்குள் இருக்கும். நாம் வெளியே நின்று வேடிக்கை பார்ப்போம். தென் ஆஸ்திரேலியக் கடலிலும் தென்னாப்பிரிக்கக் கடலிலும் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே மனிதன் கூண்டுக்குள் புகுந்துகொள்கிறான். பெரும் வெள்ளைச் சுறா வெளியே சுற்றி வந்து அவனைப் பார்க்கிறது!

இந்த வழக்கத்தின் பின்னே ஒரு விபத்து இருக்கிறது. 1963 டிசம்பரில், தென் ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில், நீருக்கடியில் ஈட்டியால் மீன் பிடிக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட ராட்னி ஃபாக்ஸ் என்ற இளைஞரை வெள்ளைச் சுறா மார்பில் கவ்வியது. விலா எலும்புகள் நொறுங்கின, நுரையீரல் கிழிந்தது. நானூறுக்கு மேற்பட்ட தையல்கள் போட்டு மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தவர் கடலை வெறுக்கவில்லை. தம்மைக் கடித்த விலங்கை அருகிலிருந்து பார்க்க விரும்பி, இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்வித்து 1965-இல் மீண்டும் கடலில் இறங்கினார்.

கூண்டு ஏன் மூழ்கிவிடுவதில்லை? 200 கிலோகிராம் எஃகுக் கூண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 7.8 மடங்கு, ஆகவே கூண்டுக் கம்பிகள் வெளியேற்றும் கடல்நீரின் எடை 26 கிலோகிராம்தான். மீதி 174 கிலோகிராமைத் தாங்க, மேலே காற்றடைத்த மிதவைகளைக் கட்டுகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் அறிந்ததற்கு மேல் இதில் புதிதாக ஒன்றுமில்லை.

கூண்டுக்குள் இருப்பவர் காணும் காட்சி இதைவிடச் சுவையானது. முகக் கண்ணாடிக்குள் காற்று, வெளியே நீர். நீரின் ஒளிவிலகல் எண் 4/3. வாளியின் அடியில் கிடக்கும் நாணயம் மேலெழுந்து தெரிவதைப் போல, 8 மீட்டர் தொலைவிலுள்ள சுறா 6 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். இங்கே மாணவர்கள் தேர்வுதோறும் செய்யும் பிழை ஒன்றுண்டு: பிம்பம் பெரிதாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். பிம்பத்தின் நீளம் மாறுவதில்லை. அருகில் வந்துவிடுவதால் கண்ணில் அது அமைக்கும் கோணமே பெரிதாகிறது. 4.5 மீட்டர்ச் சுறாவைக் கண்டவர் கரையேறி, ‘6 மீட்டர் இருக்கும்!’ என்று சொன்னால் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிட வேண்டாம். அச்சத்தோடு ஸ்னெல் விதியும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சரி, சுறா ஏன் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது? உள்ளே இருக்கும் மனிதனைத் தின்பதற்காகவா? சுறாவின் மூக்குப் பகுதியில், கூழ் நிரம்பிய நுண்துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இத்தாலியரான லோரென்ஸினி 1678-இல் இவற்றை வருணித்தார். ஆனால் அவற்றின் பயன் விளங்க ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. டச்சு அறிஞர் கால்மைன் செய்து, 1971-இல் வெளியிட்ட சோதனை மிக அழகானது. மணலுக்கடியில் ஒரு தட்டை மீனை, அகர் கூழால் ஆன அறைக்குள் மறைத்து வைத்தார். மீன் கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் நேரே வெளிவராது. மின்புலம் மட்டும் கூழைக் கடந்து வரும். சிறிய சுறா நேராக அந்த இடத்துக்கே வந்து மணலைத் தோண்டியது! அறையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி மின்சாரத்தைத் தடுத்ததும், சுறா மீனுக்கு மேலாகவே பேசாமல் நீந்திப் போயிற்று. கடைசியாக மீனை அகற்றிவிட்டு, இரண்டு மின்வாய்களைப் புதைத்து நுண்ணிய மின்னோட்டம் செலுத்தினார். சுறா மின்வாய்களைத் தோண்டியது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைந்த மின்புலமே அதற்குப் போதுமாக இருந்தது.

இனிக் கூண்டுக்கு வருவோம். கடல்நீர் நல்ல மின்பகுபொருள். வெவ்வேறு உலோகங்கள் அதில் தொட்டுக்கொண்டிருந்தால் வோல்டா மின்கலம் தானே உண்டாகிவிடும். கடிக்கும் நொடியில் வெள்ளைச் சுறா கண்ணைப் பின்னோக்கி உருட்டி மறைத்துக்கொள்ளும். அப்போது அது நம்பியிருப்பது மின்னுணர்வை. கயிற்றில் கட்டிய இரையைப் படகிலிருப்போர் கூண்டின் பக்கம் இழுக்கையில், பின்தொடர்ந்து வரும் சுறாவுக்குக் கம்பியே இரையாகத் தோன்ற இடமுண்டு.

இதனால் ஆபத்து மனிதனுக்கு மட்டுமல்ல. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. இடைவெளியில் தலை மாட்டிக்கொண்டால் முன்னே முட்டிக்கொண்டே இருக்கும். மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே 2016-இல் ஒரு சுறா கூண்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. உள்ளே இருந்தவர் காயமின்றித் தப்பினார். 2019-இல் அங்கே மற்றொன்று கம்பிகளிடையே தலை சிக்கி, இரத்தம் வடிந்து இறந்தது. 2023-இல் மெக்சிகோ அரசு அத்தீவில் சுறா காட்டும் பயணங்களைத் தடை செய்தது. என்னைக் கேட்டால், கயிற்றில் இரையைக் கட்டி இழுக்கும் வழக்கத்தையே முதலில் நிறுத்தியிருக்க வேண்டும். தென் ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் சில படகுகள் இரை போடுவதில்லை. நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து இசையை ஒலிக்கச் செய்கின்றன. நீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் செல்லும். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் சுறாவுக்கு நன்றாகக் கேட்கும்.

தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கதை வேறு. டையர் தீவுக்கும் கடல்நாய்கள் வாழும் கெய்சர் பாறைக்கும் இடையிலுள்ள நீர்வழி, வெள்ளைச் சுறாக்களுக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. 2017-இல் ஈரல் பறிக்கப்பட்ட சுறா உடல்கள் அங்கே கரையொதுங்கத் தொடங்கின. கொன்றவை ஓர்க்கா திமிங்கிலங்கள். அதன்பின் வெள்ளைச் சுறாக்கள் அப்பகுதியை விட்டு அகன்று, அரிதாகிவிட்டன. மனிதர்களின் மீன்பிடிப்பும் இதற்குக் காரணம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். படகுகள் இன்றும் போகின்றன, கூண்டும் இறங்குகிறது. அதைச் சுற்றி வருபவை பெரும்பாலும் வெண்கல நிறம் கொண்ட வேறு வகைச் சுறாக்கள்.