காவல்காரர் கோல் போட்டார்!

கோட்டையைக் காக்கும் காவல்காரரைப் போர்முனைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? 1962-ம் ஆண்டில் இந்தியக் கால்பந்து அணி அதைச் செய்து காட்டியது!

ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த ரகீம்; பள்ளி ஆசிரியராக இருந்தவர். கோல் காப்பவரைத் தவிர, பின்னால் 4 பேர், நடுவில் 2 பேர், முன்னால் 4 பேர். இதுதான் அவர் வகுத்த வியூகம்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி! அடுத்து தாய்லாந்தை இந்தியா வென்றது. ஆனால், பின்வரிசையின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த அடி. 6 தையல் போட்டார்கள்.

புது யோசனை

அரை இறுதி வந்தது. ரகீம் துணிந்து ஒரு மாற்றம் செய்தார். பின்னால் நின்று தடுக்கும் ஜர்னைல் சிங்கை, முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். அவரும் ஒரு கோல் போட்டார். தென்வியட்நாம் 3-2 என்று தோற்றது.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா! முதல் கோலை பி.கே.பானர்ஜி போட்டார். இரண்டாவது கோல்? ஜர்னைல் சிங்தான்! 2-1 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

அப்போதே ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் கடைசியாக வகுத்த வியூகம், தங்கமாக நிலைத்துவிட்டது.